இறங்கித் தொடங்கும் மலை

நான் அறிந்த மலைகளெல்லாம் ஏறித் தொடங்குபவை. செஞ்சியின் ராஜகிரியானாலும் திருவண்ணாமலையில் கந்தாசிரமம் வரை போகும் கற்பாதையானாலும், உடம்பில் தெம்பு இருக்கும்போது ஏறிவிட்டு, தெம்பு குறைந்தபின் இறங்கி வருவதே வழக்கம். அந்த வழக்கத்தை ஓர் இயற்கை விதியைப் போல நான் நம்பியிருந்தேன் என்பதே, 47 வயதில், இந்தியப் பெருங்கடலின் நடுவே உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில், ஓர் எரிமலையின் மதில்மேல் நின்று கீழே பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அங்கே நடை இறக்கத்தில் தொடங்குகிறது. சிகரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி, கால்கள் ஓய்ந்துபோன பிறகு, அதே மதிலில் ஏறித்தான் வெளியே வர வேண்டும்.

பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற புதுச்சேரிக் குடும்பங்கள் பலவற்றைப் போலவே எங்கள் வீட்டிலும் ஒருவர் கடல் கடந்து வாழ்கிறார். என் தம்பி ரெயூனியனின் தென்கரையில் உள்ள சேன்-பியேரில் பள்ளி ஆசிரியராக இருக்கிறான். ஆகஸ்டு மாதத்தில் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் அங்கே அது குளிர்காலம்; மழை குறைந்து, மலைப்பாதைகள் நடப்பதற்கு ஏற்றவையாக இருக்கும் பருவம். “வந்தது வந்துவிட்டாய், எரிமலையைப் பார்க்காமல் போகக் கூடாது அக்கா” என்றான். பார்ப்பது என்றால் காரில் போய்ப் பார்ப்பது என்று எண்ணினேன். போகவர ஐந்து ஆறு மணி நேர நடை என்பதை அவன் முந்தைய நாள் இரவுதான் சொன்னான். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையின் ஒன்றரைக் கிலோமீட்டர் சமதளத்தில் தினமும் காலையில் நடப்பதைத் தவிர வேறு பயிற்சி எனக்கு இல்லை. இருந்தாலும் மறுக்க மனம் வரவில்லை.

பித்தோன் த லா ஃபூர்னேஸ் என்பது அந்த மலையின் முழுப்பெயர். உலைச் சிகரம் என்று பொருள் கொள்ளலாம். ஊரார் அதை வெறுமனே ‘லெ வோல்கான்’, எரிமலை, என்றே சொல்கிறார்கள். உயரம் 2,632 மீட்டர். பெரும்பாலான ஆண்டுகளில் ஒரு முறையேனும் அது குமுறுகிறது. ஆயினும் அது பெரும்பாலும் வெடித்துச் சிதறும் வகை அன்று. நிலத்தில் பிளவு விட்டு, அதன் வழியே குழம்பு பீறிட்டு ஒழுகும் வகை. ஓய்ந்திருக்கும் காலங்களில் அதன்மீது மனிதர்களை நடக்க விடுவது இதனால்தான். பூர்-முரா என்னும் சிற்றூரில் 1979 முதல் இயங்கிவரும் கண்காணிப்பு நிலையம், மலையின் அதிர்வையும் அது வீங்குவதையும் சுருங்குவதையும் இடைவிடாமல் அளந்துகொண்டிருக்கிறது. அளவுகள் அச்சம் தரும்படி மாறினால், மதிலின் உச்சியில் உள்ள வாயிற்கதவை அடைத்துவிடுவார்கள். நாங்கள் போன வாரத்தில் அது திறந்திருந்தது.

விடியற்காலை நான்கரை மணிக்குக் கிளம்பினோம். தம்பியின் பள்ளியில் பணிபுரியும் நண்பர் ஒருவரும் உடன் வந்தார். அவருடைய முன்னோர், 1848இல் அடிமை முறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து கப்பலேறியவர்கள். இவ்வாறு வந்தவர்களின் வழித்தோன்றல்களை அத்தீவில் ‘மல்பார்’ என்று அழைக்கிறார்கள். அவருக்குத் தமிழ் பேசத் தெரியாது. ஆனால் கொத்தமல்லியை ‘கொத்தோமிலி’ என்பார். ஆண்டுதோறும் விரதமிருந்து தீ மிதிப்பார். தம்பி என்னை அழைப்பதைக் கேட்டு அவரும் என்னை ‘அக்கா’ என்றே அழைத்தார். அந்த ஒரு சொல்லைத் தவிர எங்களுக்குள் நடந்த பேச்செல்லாம் பிரெஞ்சு மொழியில்தான்.

லெ தாம்போனைத் தாண்டியதும் கரும்பு மறைந்து மேய்ச்சல் நிலங்கள் வந்தன. அங்குள்ள ஊர்கள் பலவற்றுக்குக் கிலோமீட்டர்க் கற்களே பெயராக இருக்கின்றன. பூர்-முராவைப் பலரும் ‘இருபத்தேழாவது’ என்றே குறிப்பிடுகிறார்கள். அங்கிருந்து காட்டுப் பாதையில் திரும்பியபோது காருக்கு வெளியே வெப்பநிலை 3 டிகிரி. வெப்பமண்டலத் தீவில் இந்தக் குளிரை நான் எதிர்பார்க்கவில்லை. தம்பி கொடுத்த ஜெர்க்கினும் குல்லாவும் இல்லாவிட்டால் காரை விட்டே இறங்கியிருக்க மாட்டேன். வழியில் கொமேர்சோன் என்னும் பழைய எரிமலை வாய் ஒன்றின் ஓரத்தில் சற்று நின்றோம். 1980 ஜனவரியில் யாசிந்த் புயலின்போது 15 நாட்களில் 6,083 மில்லிமீட்டர் மழை பதிவான இடம் அது, உலகச் சாதனை. புதுச்சேரியில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைப் போல நான்கு மடங்குக்கும் மேல், இரண்டே வாரத்தில். மழைக்காலத்தில் இந்தப் பாதைகளை ஏன் நம்பக் கூடாது என்று தம்பி தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதன்பின் பாதை ஒரு விளிம்பைக் கடந்து ‘மணல் சமவெளி’ எனப்படும் பரப்புக்குள் இறங்கியது. புல் பூண்டு அரிதாகிப்போன, செம்பழுப்பும் கருமையும் கலந்த எரிமலைச் சரளை, கண்ணுக்கெட்டிய தூரம்வரை. அதன் நடுவே ஒரே ஒரு மண்சாலை. யாரும் பேசவில்லை. என் பின்னால் இருந்த கண்ணாடியில் தீவின் மிக உயரமான சிகரமான பித்தோன் தே நேஜ், 3,070 மீட்டர், முதல் வெயிலில் சிவந்து நின்றது.

சாலை முடியும் இடம்தான் மதில். எரிமலையைச் சூழ்ந்து, லாடத்தின் வடிவில், கிழக்கே கடலை நோக்கித் திறந்தபடி ஒரு பெருங்குழிவு கிடக்கிறது. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நிலம் பெருமளவில் சரிந்து உருவானது அது. அதன் செங்குத்தான சுவரை அங்குள்ளவர்கள் ‘ரம்பார்’ என்கிறார்கள். கோட்டை மதில் என்பதற்கான சொல்லே அது. நாங்கள் நின்ற இடம் 2,311 மீட்டர் உயரத்தில் இருந்தது. காலுக்குக் கீழே ஏறத்தாழ நூற்றைம்பது மீட்டர் பள்ளத்தில் உறைந்துபோன கருங்கடல் ஒன்று விரிந்திருக்க, அதன் நடுவே பெரிய அரிசிக் குவியலைப் போல உருண்டு நின்றது சிகரம். நடக்க வேண்டிய தொலைவு முழுவதும், தொடக்கம் முதல் முடிவுவரை, மறைவின்றி ஒரே பார்வையில் கிடந்தது. தொலைவு குறைவு என்று அப்போது எண்ணினேன். மரமோ வீடோ மனிதரோ இல்லாத நிலத்தில் கண்ணுக்கு அளவுகோல் கிடையாது என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

அந்த இடத்தின் பெயர் என்னை நிறுத்தி வைத்தது. பா த பெல்கோம்ப்: பெல்கோம்பின் கணவாய். 1768இல் இங்கே எரிமலைக்குப் பயணம் மேற்கொள்ளப்பட்ட காலத்தில் தீவின் ஆளுநராக இருந்தவர் பெல்கோம்ப். அவரே பின்னர் புதுச்சேரியின் ஆளுநராகி, 1778இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது எங்கள் ஊரைக் காக்கப் போராடித் தோற்றவர். ஆனால் மதிலிலிருந்து கீழே இறங்க வழி கண்டுபிடித்தவர் அவர் அல்லர். ழாக்கோப் என்னும் அடிமை. இன்று அந்த இடத்துக்கு பெல்கோம்ப்-ழாக்கோப் என்று இருவர் பெயரும் சேர்த்து வழங்கப்படுகிறது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் ஒருவருடைய பெயர் மட்டுமே அங்கே இருந்தது என்பது இறங்கும்போதெல்லாம் என் நெஞ்சில் இருந்தது. பெயர் மாற்றங்கள் வெறும் சடங்கு என்பாரோடு நான் உடன்படவில்லை. அந்தச் சரிவை ஒருமுறை கால்களால் அளந்தவர்களுக்கு, படி வெட்டப்படாத காலத்தில் முதலில் இறங்கியவர் யார் என்பது பெரிய செய்திதான்.

இறங்குமுன் நான் ஒரு தவறு செய்தேன். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தம்பி சொல்லியிருந்தான். முதுகுப்பை கனத்தது, வெளியே குளிர், தாகமே இல்லை. இரண்டு பாட்டில்களில் ஒன்றை யாரிடமும் சொல்லாமல் காரிலேயே வைத்துவிட்டேன்.

மதிலின் ஓரமாகக் கல்லிலும் சிமெண்டிலும் கட்டிய படிகள், சில நூறு, வளைந்து வளைந்து இறங்கின. இறங்குவது எளிதாக இருந்தது. அரை மணிக்குள் தரையைத் தொட்டோம். முதலில் வருவது ஃபோர்மிக்கா லியோ என்னும் செந்நிறச் சிறுகுன்று. 1753ஆம் ஆண்டு எரிமலை உமிழ்ந்த கற்கள் குவிந்து உண்டானது. உச்சியில் இரண்டு பள்ளங்கள். அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று தம்பியிடம் கேட்டேன். குழியானை என்றான். மணலில் புனல்போலக் குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்குமே, நம் வீட்டுத் திண்ணையோரத்தில் புல்லை விட்டு நாம் கிளறிப் பார்ப்போமே, அதே பூச்சி. நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய திண்ணை எனக்கு முன்னே வந்து நின்றது. சரிவான விளிம்பு, நடுவில் குவிந்த பள்ளம், காலை வைத்தால் சரியும் துகள்: பெயர் வைத்தவர் மிகச் சரியாகவே வைத்திருக்கிறார்.

அதற்கப்பால்தான் உண்மையான நடை தொடங்கியது. எரிமலைக் குழம்பு உறையும்போது இரண்டு விதமாக உறைகிறது என்பதை நூலில் படித்தால் ஒரு வரி. காலால் படித்தால் ஒரு பகல். ஒன்று வழவழப்பானது. வெல்லப்பாகைத் தாம்பாளத்தில் ஊற்றும்போது மேலே ஆடை கட்டி, அடியில் இன்னும் ஓடும் பாகு அந்த ஆடையை இழுத்துச் சுருக்குமே, அதைப் போல மடிப்பு மடிப்பாக, முறுக்கிய கயிறுகளாக உறைந்து கிடக்கும். அதன்மேல் நடப்பது இன்பமானது; ஷூ நன்றாகப் பற்றும். மற்றது சொரசொரப்பானது, குழம்பு ஆறி இறுகிவரும்போதே தொடர்ந்து நகர்ந்ததால் மேற்பரப்பு உடைந்து நொறுங்கி, கைப்பிடி அளவு முதல் பானை அளவு வரையிலான முள்கற்களாகக் குவிந்து கிடப்பது. ‘கிராத்தோன்’ என்று அதற்கு அங்கே பெயர். அதில் கால் வைத்தால் கல் உருளும். விழாமலிருக்கக் கையை ஊன்றினால் உள்ளங்கை கிழியும். எனக்கு ஒருமுறை கிழிந்தது.

இந்தத் தரை கண்ணை விட்டுவைப்பதில்லை. கடற்கரைச் சாலையில் நான் நடக்கும்போது கால்கள் ஒரு வேலையும் மனம் வேறொரு வேலையும் செய்துகொண்டிருக்கும். இங்கே ஒவ்வோர் அடிக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: இந்தக் கல் அசையுமா, இந்த மடிப்பின் அடியில் வெற்றிடம் இருக்குமா, அடுத்த வெள்ளைப் புள்ளி எங்கே. பாறைகளில் சிறிது தூரத்துக்கு ஒன்றாக வெள்ளை வண்ணத்தில் அடையாளம் தீட்டியிருக்கிறார்கள், அதுதான் பாதை. மூச்சு வாங்கியதைவிட இந்த ஓயாத கவனமே என்னை முதலில் களைப்படையச் செய்தது. சுற்றிப் பார்க்க வேண்டுமானால் நின்று பார்க்க வேண்டும். நிற்கப் பழகிய பிறகுதான் அந்த நிலத்தில் உயிர் இருப்பது தெரிந்தது. பாறைமேல் சாம்பல் பூத்தாற்போல் ஒட்டியிருந்தது, பாசிபோல் படரும் லைக்கன். குழம்பு ஆறிய பாறையில் முதலில் குடியேறுவது அதுதான். அது பிடித்த இடத்தில் துளி மண் சேர்ந்து, பிளவுகளில் பெரணி தலைநீட்டுகிறது. ‘தெக்-தெக்’ என்று கூவுவதையே பெயராகக் கொண்ட, உள்ளங்கையில் அடங்கிவிடும் குருவி ஒன்று நாங்கள் நின்ற இடமெல்லாம் இரண்டு மூன்று கல் தள்ளி வந்து அமர்ந்து எங்களைப் பார்த்தது. அந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத குருவி அது.

ரோஸ்மோன் சிற்றாலயம் என்னும் இடத்தில் காலைச் சாப்பாடு. அது ஆலயமன்று, குழம்பு கொப்புளித்து உறைந்து, உள்ளே குடைவான ஒரு பெரிய கொப்புளமாக நிற்கும் பாறை. நண்பரின் வீட்டிலிருந்து சோறும் பயறும் தக்காளி ‘ரூகாய்’யும் வந்திருந்தன. ஊறுகாய் என்ற சொல்தான் இப்படி ஆயிற்று என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். பச்சை மிளகாயின் காரத்தில் எனக்கு அதில் ஐயம் எழவில்லை. காரத்துக்காகத் தண்ணீரைத் தாராளமாகக் குடித்தேன். இருந்த ஒரு லிட்டரில் பாதி அங்கேயே தீர்ந்தது.

பிறகு ஏற்றம். சரிவைச் சுற்றிச் சுற்றி ஏறும் பாதை அது, மிகச் செங்குத்தானது அன்று. ஆனால் கடல்மட்டத்தில் பிறந்து வளர்ந்த நெஞ்சு 2,400 மீட்டருக்கு மேல் வேறு விதமாக அடித்துக்கொண்டது. ஐம்பது அடிக்கு ஒருமுறை நின்றேன். நிற்கும்போதெல்லாம் தம்பி பேச்சை ஏதாவதொரு செய்தியின் பக்கம் திருப்புவான். நான் வெட்கப்படக் கூடாதே என்று அப்படிச் செய்கிறான் என்பது எனக்குத் தெரிந்தேயிருந்தது. அப்படிச் சொன்னவற்றுள் ஒன்று மறக்க முடியாதது. நிலத்தின் அடியாழத்தில் ஒரே இடத்தில் நிலைத்திருக்கும் வெப்பப்புள்ளி ஒன்று இந்த எரிமலைக்கு ஊற்று. அதன்மேல் நிலத்தட்டு மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் புள்ளியின்மேல் இருந்தது இந்தியா. மகாராஷ்டிரத்தில் படிக்கட்டு படிக்கட்டாக நிற்கும் தக்காணத்துக் கரும்பாறை முழுவதும் இதே ஊற்றிலிருந்து வந்தது. நிலம் வடக்கே நகர நகர, லட்சத்தீவும் மாலத்தீவும் பின்னர் மொரீஷியசும் அந்தத் தடத்தில் தோன்றின. கடைசியாகத் தோன்றியது, இப்போது நாங்கள் நிற்கும் இடம். எல்லோராவுக்குப் போயிருக்கிறேன், அங்கே தூணைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். குனிந்து காலடிக் கல்லையும் தொட்டேன். அதில் கடுகளவு பச்சைப் படிகங்கள் வெயிலில் மின்னின. ஒலிவின் என்று அதற்குப் பெயராம்.

உச்சியை நெருங்கியபோது மணி பதினொன்று. இந்த மலையில் காலை ஒன்பது பத்து மணிக்கெல்லாம் மேகம் ஏறத் தொடங்கிவிடும் என்பதால்தான் எல்லோரும் விடியலில் தொடங்குகிறார்கள். என் நடையின் வேகத்தால் நாங்கள் பிந்திவிட்டிருந்தோம். தொலோமியூ எனப்படும் பெரும்பள்ளத்தின் விளிம்புக்கு அருகே போய் நின்றபோது எதிரே இருந்தது வெள்ளை மட்டும். தடுப்பைத் தாண்டிப் போகக் கூடாது, விளிம்பு எளிதில் உதிரக்கூடியது. அமர்ந்து காத்திருந்தோம். கந்தக வாடை வந்து வந்து போயிற்று. ஏறத்தாழ அரை மணி கழித்து, எச்சரிக்கை எதுவுமின்றி, மேகத்தின் அடிப்பகுதி கிழிந்தது. எதிர்ச்சுவர் தெரிந்தது, பிறகு சுவரின் அடுக்குகள், செம்மை, மஞ்சள், கருமை என்று ஒன்றன்கீழ் ஒன்றாக, பிறகு வெகு ஆழத்தில், நான் தேடிய இடத்துக்கும் மிகக் கீழே, கருங்கல் பரவிய தரை. ஒரு கிலோமீட்டர் அகலம், முந்நூறு மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம்.

இந்த ஆழம் 2007 ஏப்ரலில் சில நாட்களுக்குள் உண்டானது. சிகரத்திலிருந்து வெகு கீழே, கடலுக்கு அருகில் உள்ள சரிவில், ஒரு பிளவு திறந்து பெருமளவு குழம்பு வெளியேறி, நெடுஞ்சாலையைக் கடந்து கடலில் விழுந்து புதிய நிலத்தையே உருவாக்கியது. அடியில் தாங்கியிருந்தது வடிந்துபோகவே, உச்சியின் தரை பகுதி பகுதியாக உள்ளே அமிழ்ந்தது. அதற்கு முன்பு இங்கே வந்தவர் நண்பர். அப்போது தரை கண்ணுக்கு அருகில் இருந்ததாம். கையை இடுப்பளவில் நீட்டிக் காட்டிவிட்டு, அந்தக் கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றார். மூன்று நிமிடங்கள் இருக்கலாம், மேகம் மூடிக்கொண்டது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

திரும்பும் வழி முழுவதும் மூடுபனி. இருபது அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஒரு வெள்ளைப் புள்ளியில் ஒருவர் நிற்க, அடுத்த புள்ளியை மற்றவர் தேடிக் கண்டு குரல் கொடுக்க, பிறகு நான் நகர, இப்படியே வந்தோம். தரையில் தடமே பதியாத அந்தப் பாறைவெளியில் புள்ளியை விட்டு விலகினால் எந்தத் திசையும் மற்றத் திசையைப் போலவே இருக்கும். அஞ்சினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த அச்சம் காலையில் இல்லாத ஒழுங்கை என் கால்களுக்குத் தந்தது. ஃபோர்மிக்கா லியோவை அடைந்தபோது மேகம் மேலே ஏறி, வெயில் சுள்ளென்று அடித்தது. பாட்டிலை எடுத்தேன். நான்கு மடக்குத் தண்ணீர் இருந்தது.

மதிலின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்ததை எப்படிச் சொல்வது? காலையில் அரை மணியில் இறங்கி வந்த அதே படிகள். அப்போது அவை எனக்கு எதிரே இருக்கவில்லை, காலுக்குக் கீழே இருந்தன. அதனால் அவற்றை ஒருமுறைகூட முழுதாகப் பார்க்காமலே வந்திருந்தேன். முப்பதாவது படியில் வலது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்தேன். தம்பி நீவிவிட்டான். பாட்டில் காலியாகிவிட்டதைச் சொன்னேன். மற்றொன்று காரில் இருப்பதையும் சொன்னேன். அவன் கடிந்துகொள்ளவில்லை. அவனிடமும் தண்ணீர் தீர்ந்திருந்தது. நண்பர் தம் பையிலிருந்து அரை பாட்டிலை எடுத்து என் கையில் வைத்து மூடினார். இந்தப் படிகளுக்காகவே அதைக் காலையிலிருந்து தொடாமல் வைத்திருந்ததாகச் சொன்னார்.

இருபது படி, ஓய்வு. பிறகு பதினைந்து. பிறகு பத்து. எழுபது வயது மதிக்கத்தக்க தீவுக்காரப் பெண்மணி ஒருவர், கையில் குச்சியோடு, என்னைவிட மெதுவாக ஏறி வந்தார். ஆனால் நிற்கவே இல்லை. என்னைக் கடக்கும்போது கிரெயோல் மொழியில், “தி பா, தி பா, நாரிவே” என்றார். சின்னச் சின்ன அடி, வந்து சேர்ந்துவிடுவோம். நான் அவருக்குப் பின்னால், அவர் கால் வைத்த படியில் கால் வைத்து, அவருடைய வேகத்திலேயே ஏறத் தொடங்கினேன். அதற்குப் பிறகு மூன்று முறைதான் நின்றேன்.

பாதிக்கு மேல் ஏறியிருந்தபோது இளைஞர்கள் இருவர் துள்ளி இறங்கி வந்தார்கள். மணி இரண்டைக் கடந்திருந்தது. இருவருக்கும் சேர்த்து ஒரே பாட்டில். நிறுத்தினேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், குழியானைக் குன்றுவரை மட்டும் போங்கள், தண்ணீரில் பாதியை இந்தப் படிகளுக்கு வையுங்கள் என்றேன். அவர்கள் புன்னகைத்து, என் தலைக்கு மேலே மீதமிருந்த படிகளைப் பார்த்தார்கள். கேட்டார்களா என்று தெரியாது.

வாயிற்கதவைக் கடந்து வண்டிகள் நிற்கும் இடத்துக்கு வந்தோம். பின்னிருக்கையில் நான் வைத்த இடத்திலேயே அந்த பாட்டில் கிடந்தது. காலையில் குளிர்ந்திருந்த தண்ணீர் இப்போது வெதுவெதுப்பாக இருந்தது. அதை எடுத்து முதலில் நண்பரிடம் நீட்டினேன். “நீங்கள் குடியுங்கள், அக்கா” என்றார். அவர் குடித்து முடிக்கும்வரை நான் கையை மடக்கவில்லை.